போடி – டாப் ஸ்டேஷன்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூருக்கும், அதன் வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் என்னும் சிற்றூருக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 17 கி.மீ. ஆகும். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்று இந்தத் தொலைவை ஒன்றேகால் நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு எனச் சுற்றி ஏறத்தாழ 100 கி.மீ. செல்ல வேண்டும். வழியில் வண்டி நிற்காவிட்டாலும் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே விமானம் ஓடியதில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் இங்கே வான்வழிப் போக்குவரத்து இருந்தது. ரோப்வே என்று மக்கள் சொல்லும் கம்பிவடப் பாதை வழியாக, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்குத் தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கியபடி இறங்கின. அந்த வழி எப்படி வந்தது, எப்படி மறைந்தது, அதனால் இந்த மலையில் தொலைவின் பொருள் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வான்வழித் தொலைவு என்றால் என்ன?

உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களைக் குறித்து, அவற்றுக்கு இடையே நூல் ஒன்றை இழுத்துப் பிடித்தால் அந்த நூல் எந்த வழியாகப் போகுமோ அதுவே மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பர். நெடுந்தொலைவு விமானங்கள் பெரும்பாலும் இதையொட்டியே பறக்கின்றன. தட்டையான நிலப்படத்தில் இந்தப் பாதை வளைந்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் படம் தட்டையாக இருப்பதுதான், பாதை வளையவில்லை.

அருகருகே உள்ள ஊர்களுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். டாப் ஸ்டேஷன், போடியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தள்ளியும் மேற்கே ஏறத்தாழ 11 கி.மீ. தள்ளியும் இருக்கிறது. 12-இன் வர்க்கம் 144. 11-இன் வர்க்கம் 121. கூட்டினால் 265. அதன் வர்க்கமூலம் 16-க்குச் சற்று மேல். விட்டுவிட்ட தசமங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 17-ஐ நெருங்கும்.

இதில் உயரம் சேரவில்லையே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. டாப் ஸ்டேஷனோ 1,700 மீட்டருக்கும் மேல். வேறுபாடு ஏறத்தாழ 1.4 கி.மீ. என்று கொள்வோம். 17 கி.மீ. அடிப்பக்கமும் 1.4 கி.மீ. உயரமும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 17.06 கி.மீ. அதாவது, இவ்வளவு பெரிய மலை நேர்கோட்டுத் தொலைவில் கூட்டுவது வெறும் 60 மீட்டர்தான். ஆனால் அதே மலைதான் சாலையில் 17 கிலோமீட்டரை 100 கிலோமீட்டராக ஆக்குகிறது.

பயண நேரமும் இப்படித்தான். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 415 கி.மீ. 800 கி.மீ. வேகத்தில் கணக்கிட்டால் அரை மணி நேரம் போதும். ஆனால் விமான அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவதற்கு வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். போடிக்காரர் ஒருவர் அந்த விமானத்தில் வந்தால், மதுரை விமான நிலையத்திலிருந்து ஊர் வந்து சேர இன்னும் ஏறத்தாழ 100 கி.மீ. சாலைப் பயணம் இருக்கிறது. வானில் பறந்த நேரத்தைவிடத் தரையில் செலவழிக்கும் நேரம் இரண்டு மடங்கு. ஆகவே, ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்பதை நிலப்படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. இடையே என்ன வழி அமைத்திருக்கிறார்கள், அதை யாருக்காக அமைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். போடி மலையின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

மெட்டுகளும் நடைபாதைகளும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே மலை ஒரு சுவர்போல எழுகிறது. அந்தச் சுவரைக் கடக்கும் மேட்டு வழிகளை இப்பகுதி மக்கள் மெட்டு என்பர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்து மெட்டு என்ற பெயர்கள் அவ்வாறு வந்தவை. வண்டிச்சாலை வருவதற்கு முன் இவை யாவும் நடைபாதைகளே. ஏலக்காயும் மிளகும் தலைச்சுமையாகவும் பொதிமாடுகளின் மேலும் இறங்கின. அரிசி, பருப்பு, உப்பு, துணி ஆகியவை மேலே ஏறின.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளில் பெரும்பரப்பைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. சிங்கோனா, காப்பி எனப் பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்த தோட்டக்காரர்கள் இறுதியில் தேயிலையில் நிலைகொண்டனர். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகளின் கீழ்க் குடும்பம் குடும்பமாகச் சமவெளியிலிருந்து மலையேறினர். அவர்கள் ஏறிய வழிகளில் போடி வழியும் ஒன்று.

மூணாறு திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்தது. ஆனால் அந்நாளில் மூணாற்றுக்கு எளிதான வாசல் திருவிதாங்கூர்ப் பக்கம் இல்லை. சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்த போடிதான் வாசல். திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை 1875-இல் திறக்கப்பட்டிருந்தது. அதில் இப்பகுதிக்கு அருகில் அமைந்த நிலையம் அம்மையநாயக்கனூர்; இன்றைய கொடைக்கானல் ரோடு. போடியிலிருந்து அங்கே மாட்டு வண்டியில் சென்றால் இரயிலைப் பிடிக்கலாம். இரயிலைப் பிடித்தால் தூத்துக்குடித் துறைமுகம். துறைமுகத்தை அடைந்தால் இலண்டன் சந்தை. எனவே, மூணாற்றுத் தேயிலை போடிக்கு எப்படி இறங்குவது என்பதே தோட்ட நிறுவனத்தின் முன் நின்ற கேள்வி.

தேயிலைக்குப் போட்ட நேர்வழி

முதலில் மலையின் மேல்பகுதியில் வழி போட்டார்கள். 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓடும்; பக்கத்தில் உள்ள பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் தாங்கும். இழுப்பதற்கு மாடுகள். 1908-இல் இதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலக் குறும்பாதை இரயில் கொண்டுவரப்பட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே என்பது அதன் பெயர். இன்று மூணாற்றுக்கு இரயில் இல்லை என்பதால் ஒரு காலத்தில் இருந்தது என்று சொன்னால் பலர் வியப்படைகின்றனர்.

டாப் ஸ்டேஷனோடு மேட்டுநிலம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் செங்குத்துச் சரிவு. கீழே குரங்கணியும் கொட்டகுடியும். இரயில் இறங்க வழியில்லை. சாலை போட்டால் எத்தனையோ கொண்டை ஊசி வளைவுகள் வேண்டும். அங்கேதான் ரோப்வே அமைத்தார்கள். மேல்முனை டாப் ஸ்டேஷன், கீழ்முனை கொட்டகுடி. கொட்டகுடியைப் பாட்டம் ஸ்டேஷன் என்றும் அழைத்தனர். நடுவில் உள்ள மலைக்கிராமத்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இரயிலே பார்க்காத சரிவில் ஸ்டேஷன் என்ற பெயர்கள் நிலைத்ததற்கு இந்தப் போக்குவரத்தே காரணம். ரோப்வேயின் நீளம் சுமார் 5 கி.மீ.

இவ்வகை ரோப்வே வேலை செய்யும் முறை எளிமையானது. மேலும் கீழும் நிலையங்கள், இடையில் தூண்கள், தூண்களின் மேல் இரும்பு வடம். சுமை தாங்கும் தொட்டிகள் வடத்தில் தொங்கும். இறங்கும் பக்கத்தில் கனமான சுமை இருந்தால் அதன் எடையே வடத்தை இழுத்து, மறுபக்கம் ஏறும் தொட்டிகளை மேலே தூக்கிவிடும். கிணற்று உருளையில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவது போன்ற ஏற்பாடு. தேயிலை இறங்கும் பாதைக்கு இது மிகப் பொருத்தம். மலை தரும் சரிவே எரிபொருளாகிவிடுகிறது.

அன்றைய தேயிலைப் பெட்டியின் பயணத்தை வரிசையாகப் பார்க்கலாம். மூணாற்றில் ஏற்றிய பெட்டி குறும்பாதை இரயிலில் டாப் ஸ்டேஷன் வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கியது. கொட்டகுடியிலிருந்து சுமார் 15 கி.மீ. மாட்டு வண்டியில் போடி. போடியிலிருந்து மீண்டும் வண்டியில் அம்மையநாயக்கனூர். பிறகு இரயிலில் தூத்துக்குடி. அதன்பின் கப்பலில் சூயஸ் கால்வாய் வழியாக இலண்டன். போடிக்கும் இலண்டனுக்கும் இடையே பெருவட்டத் தொலைவு சுமார் 8,250 கி.மீ.; கப்பல் வழியோ 12,000 கி.மீ.க்கும் மேல். இத்தனை நீண்ட பயணத்தில், பறவை பறப்பதுபோல் ஏறத்தாழ நேர்கோட்டில் சென்றது அந்த 5 கி.மீ. மட்டுமே.

இதை அக்கால வான்பயண வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ரைட் சகோதரர்களின் முதல் விமானம் 1903 டிசம்பரில் 12 நொடிகள் பறந்து 36 மீட்டர் கடந்தது. உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமான அஞ்சல் 1911 பிப்ரவரி 18 அன்று இந்தியாவில், அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையில் உள்ள நைனிக்குச் சென்றது. தொலைவு சுமார் 10 கி.மீ.; ஆன நேரம் 13 நிமிடங்கள்; ஏறத்தாழ 6,500 கடிதங்கள். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டியது 1932 அக்டோபர் 15 அன்று. அங்கிருந்து அது சென்னைக்குத் தொடர்ந்தது. விமானம் குழந்தைப் பருவத்தில் இருந்த காலத்திலேயே போடி மலையில் சரக்கு வான்வழியாகப் போய்வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நேர்வழி சரக்குக்காகப் போடப்பட்டது. தேயிலை அந்தரத்தில் இறங்கியபோது அதைப் பறித்த தொழிலாளர்கள் கால்நடையாகத்தான் அதே சரிவில் ஏறி இறங்கினர். நடைப்பயணத்துக்கு அரைநாள் ஆகும். தலையில் சுமை, இடுப்பில் குழந்தை என்றால் இன்னும் கூடும். ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, பெட்டிக்கு ஒரு தொலைவு, மனிதருக்கு வேறொரு தொலைவு என்று அன்றே பிரிந்துவிட்டது.

1924 வெள்ளம்

1924 ஜூலையில் பெருமழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் கேரளத்தில் இதை 99 வெள்ளம் என்பர். மூணாறு நகரம் பெரும் சேதமடைந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அழிந்தது. பாலங்கள் போயின, தண்டவாளங்கள் பிடுங்கி எறியப்பட்டன. அந்த இரயிலை நிறுவனம் மீண்டும் கட்டவில்லை. மூணாற்றிலிருந்து மேற்கே ஆலுவாவுக்குப் போன பழைய வழியும் இதே வெள்ளத்தில் சிதைந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் மூணாற்றின் முகம் மேற்கே திரும்பியது. ஆலுவாவிலிருந்து நேரியமங்கலம் வழியாகப் புதிய மலைச்சாலை 1931-இல் திறக்கப்பட்டது. பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலத்தில் கட்டிய வளைவுப் பாலம் 1935-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இடையில் 1928-இல், ராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியால் கொச்சித் துறைமுகத்தின் உள்பகுதிக்குள் முதன்முறையாகப் பெரிய கப்பல் நுழைந்தது. மூணாற்றுத் தேயிலைக்குக் கொச்சி அருகிலும் எளிதிலும் ஆகிவிட்டது.

இதில் காலத்தின் முரண் ஒன்று உண்டு. போடி எதிர்பார்த்திருந்த இரயில் வந்ததும் அதே 1928-இல்தான். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்கு 90 கி.மீ. மீட்டர்பாதை அந்த ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. அம்மையநாயக்கனூர் வரை வண்டி கட்ட வேண்டிய தேவை தீர்ந்தது. ஆனால் தேயிலை கொச்சியின் பக்கம் சாயத் தொடங்கிய ஆண்டுகளும் அவையே. ரோப்வே முக்கியத்துவம் இழந்து, பின்னர் இல்லாமலே போயிற்று. அதன் எச்சங்களை இன்றும் டாப் ஸ்டேஷனில் காணலாம்.

இரயிலும் நிலையாக நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்புத் தேவைக்காகப் போடி பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டு இறுதியோடு இரயில் நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் 15 அன்றும் இரயில் திரும்பி வந்தது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் இரயில் நிலையம் உள்ள ஊரில் இரயிலைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்தனர். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் போடிக்கும் மதுரைக்கும் இடையே ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் கையில் காசு குறைந்தவர்களுக்கு மதுரை தூரமாகிவிட்டது.

எல்லைக்கோடும் மூடிய சாலையும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சென்றன. மூணாறு கேரளம், போடி தமிழ்நாடு. முன்பு திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே இருந்த எல்லையே இப்போது இரு மாநிலங்களின் எல்லை. அந்தக் கோடு டாப் ஸ்டேஷன் அருகே செல்கிறது. டாப் ஸ்டேஷன் குடியிருப்பு தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தின் கொட்டகுடி ஊராட்சிக்குள் அடங்குகிறது. ஆனால் அங்கே போக வேண்டிய சாலை முழுக்க முழுக்கக் கேரளம் வழியாகச் சுற்றி வருகிறது.

டாப் ஸ்டேஷனுக்கு இன்னொரு சாலையும் ஒரு காலத்தில் இருந்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்றுக்குச் சென்ற மலைச்சாலை அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சென்னையைத் தாக்கினால் வெளியேறுவதற்கான வழி என்று கருதி மேம்படுத்தப்பட்டதால் எஸ்கேப் ரோடு என்ற பெயர் பெற்றது. 1990-இல் அது மூடப்பட்டது. சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் காப்பதற்கு அந்த முடிவு உதவியது என்பதை மறுக்க முடியாது. வழியில் உள்ள பாம்பாடும் சோலை 2003-இல் தேசியப் பூங்காவானது. ஆனால் இதற்குப் பின் டாப் ஸ்டேஷனுக்கு மூணாறு ஒன்றே வழி என்றாயிற்று.

இன்றைய நிலையைச் சுருக்கமாகக் கீழே காணலாம். எல்லாம் ஏறத்தாழக் கணக்கு.

போடி – மூணாறு: வான்வழி 33 கி.மீ.; சாலை வழி 68 கி.மீ.
போடி – டாப் ஸ்டேஷன்: வான்வழி 17 கி.மீ.; சாலை வழி 100 கி.மீ.
கொட்டகுடி – டாப் ஸ்டேஷன்: பழைய ரோப்வே 5 கி.மீ.; சாலை வழி, போடிக்கு இறங்கி மூணாறு சுற்றி, 115 கி.மீ.

மூன்றாவது வரியே இவற்றில் மிக முக்கியமானது. ஒரே ஊராட்சிக்குள் உள்ள இரண்டு குடியிருப்புகளுக்கு இடையே 115 கி.மீ. பயணம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, ஆட்சியரிடம் மனு என எதற்கும் டாப் ஸ்டேஷன் குடும்பத்தார் அடுத்த மாநிலத்துக்குள் போய், அங்கிருந்து தம் மாநிலத்துக்குத் திரும்பி இறங்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு நாள் கூலி போய்விடும். இல்லையென்றால் காட்டு வழியில் நடந்து குரங்கணிக்கு இறங்க வேண்டும். பிரசவ வலி வந்தவர்களும் பாம்பு கடித்தவர்களும் என்ன செய்வார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

காட்டு வழி எளிதானதல்ல என்பதை 2018 மார்ச் 11 உலகுக்குக் காட்டியது. குரங்கணி மலையில் நடைபயணம் வந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த போதைப்புல், காற்று, செங்குத்துச் சரிவு மூன்றும் சேர்ந்தால் தீ ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. வெளியூரிலிருந்து மலையைக் காண வந்தவர்களின் சாவை நாடே அறிந்து வருந்தியது. அதே சரிவுகளில் பிழைப்புக்காக ஆண்டு முழுவதும் நடப்பவர்களும் உண்டு என்பதை அந்தத் துயரத்தோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

ஏலமலையில் விலையின் வேகம்

டாப் ஸ்டேஷனுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல இது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியும் முன் ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தேனி மாவட்டத்திலிருந்து வண்டி ஏறும் வழிகள் மூன்று: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. தேவாரத்துக்காரருக்கு நேர் மேலே தெரியும் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு, இந்த மூன்றில் ஒன்றைச் சுற்றித்தான் போக வேண்டும். சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை அதனால்தான் பல்லாண்டுகளாக எழுகிறது. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாறை உருண்டால் அன்றைய வேலை இல்லை. அன்றைய கூலியும் இல்லை.

அவர்கள் பறிக்கும் ஏலக்காயின் விலையோ மலையை நொடியில் தாண்டிவிடுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அப்பால் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நடைபெறுகிறது. வியாபாரிகள் கணினித் திரையின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்த, கிலோவுக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் கண் இமைக்கும் நேரத்தில் தெரிகிறது. விலை மிக வேகமாகச் செல்கிறது; சரக்கு அதற்கடுத்த வேகத்தில் செல்கிறது; ஆட்கள் கடைசியில் செல்கின்றனர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ரோப்வே அமைத்தபோதும் இதே வரிசைதான்.

மீண்டும் ஒரு வான்வழி?

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உள்ளது. காடு அழியும், மண் சரியும், விலங்குகளின் வழித்தடம் துண்டாகும் என்ற எதிர்வாதமும் உள்ளது. இரண்டிலும் உண்மை உண்டு. செங்குத்துச் சரிவில் வளைவு வளைவாகச் சாலை வெட்டினால், 5 கி.மீ. நேர்கோட்டுக்கு அதைப்போல் பல மடங்கு நீளத்துக்கு மலையை அறுக்க வேண்டியிருக்கும். எத்தனை மரம் போகும், எத்தனை இடத்தில் நீரோடை மறிபடும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சாலை ஒன்றே வழி என்று இருக்க வேண்டியதில்லை. ரோப்வேக்குத் தூண்கள் நிற்கும் இடம் மட்டுமே தேவை. வடம் மரங்களுக்கு மேலே போய்விடும். மக்களை ஏற்றிச் செல்ல அது ஏற்றதா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. பழநி மலையில் 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் அதில் ஏறாத குடும்பம் குறைவு. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரத்தில் 2014 முதல் ரோப்வேயே நகரப் பேருந்துபோல் ஓடுகிறது. மலைமேல் உள்ள எல் ஆல்டோ நகரத் தொழிலாளர்கள் நாள்தோறும் அதில்தான் வேலைக்கு இறங்குகின்றனர். இந்திய அரசும் மலைப்பகுதிகளுக்கு ரோப்வே அமைக்கும் பர்வத்மாலா திட்டத்தை 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

ரோப்வே வேண்டுமா, சிறிய சாலை வேண்டுமா, அவசரத்துக்கு மட்டும் பயன்படும் வழி வேண்டுமா என்பதை வனத்துறையும் பொறியாளர்களும் அந்த ஊர் மக்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். வரலாறு அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான். இந்தச் சரிவில் 5 கி.மீ. நேர்வழி முடியாத காரியமல்ல. இன்றுள்ள கருவிகள் எவையும் இல்லாத காலத்தில், மாடு இழுத்த தண்டவாள வண்டியின் தலைமுறையிலேயே, தேயிலைப் பெட்டிகளுக்காக அது செய்து காட்டப்பட்டது. பெட்டிகள் கொச்சிக்குப் போகத் தொடங்கியதும் வழியும் போயிற்று. டாப் ஸ்டேஷனிலும் சென்ட்ரலிலும் வாழும் குடும்பங்கள் இன்றும் கொட்டகுடி ஊராட்சியின் வாக்காளர்கள். ஊராட்சி அலுவலகம் நேர்கோட்டில் 5 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது.